பத்து நிமிடம் கலக்கியவள்

மணிமொழி அந்தக் கல்லூரியின் வேதியியல் ஆய்வகத்தில் வேலைக்குச் சேர்ந்தபோது அவளுக்கு வயது முப்பத்தாறு. கல்லூரி செங்கம் சாலையில் ரமணாசிரமத்தைத் தாண்டி உள்ளடங்கி இருந்தது. வீடு அடி அண்ணாமலையில். பிளஸ் டூவில் அறிவியல் பிரிவு எடுத்து, மற்ற பாடங்களில் தட்டுத் தடுமாறி, வேதியியலில் மட்டும் இருநூற்றுக்கு நூற்றெழுபது வாங்கியவள். கல்யாணத்தோடு படிப்பு நின்றுபோனது. பதினெட்டு வருடம் கழித்து ஒரு ஏஜென்சி மூலமாக அதே வேதியியலுக்குள் வந்து சேர்ந்தாள், கண்ணாடிச் சாமான் கழுவுகிறவளாக.

வேலையில் சுத்தம். ஆனால் கை கொஞ்சம் வேகம். சேர்ந்த வருடமே பியூரெட் என்ற அளவுக் குழாய் ஒன்றையும் ஒரு குடுவையையும் உடைத்துவிட்டாள். இரண்டாவது தடவை சூப்பர்வைசர் கூப்பிட்டுச் சொன்னார்.

“இன்னொண்ணு உடைஞ்சா நான் ஒண்ணும் பேச மாட்டேன். ஏஜென்சிக்கு போன் போட்டு வேற ஆள் அனுப்பச் சொல்லிடுவேன்.”

அன்றிலிருந்து எதைத் தொட்டாலும் இரண்டு கையாலும் தொட்டாள்.

ஆய்வகத்தில் அவளோடு நன்றாகப் பேசுகிறவள் அறிவுமதிதான். முனைவர் பட்டத்துக்கு ஆராய்ச்சி செய்யும் பெண், இருபத்தேழு வயது, செங்கத்துக்கு அந்தப் பக்கம் ஒரு கிராமம். ஒரு நாள் மணிமொழி கேட்டாள்: “இன்னா மதிம்மா, ரெண்டு வருஷமா இந்தக் கொழகொழ தண்ணியையே கலக்கினு இருக்கிறியே, இது இன்னாத்துக்கு?”

அறிவுமதி இரண்டு வெள்ளைத் தூள்களை எடுத்துக் காட்டினாள். “இது கோழித் தீவனத்துல போடறது, கோலின் குளோரைடு. இது உங்க வயல்ல போடற யூரியாதான். ரெண்டும் தூளு. ஒண்ணா வெச்சு லேசா சூடு காட்டறேன், பாருங்க.”

பார்த்துக்கொண்டிருக்கும்போதே இரண்டு தூளும் ஒன்றையொன்று இளக்கித் தெளிந்த திரவமாயின. ஒரு சொட்டு நீர் சேர்க்கவில்லை. தனித்தனியே வைத்தால் நூறு டிகிரி வரை சூடாக்கினாலும் உருகாதவை, சேர்ந்ததும் சோறு வடிக்கும் சூட்டுக்கும் கீழேயே உருகிவிட்டன. இப்படிப்பட்ட கலவைக்கு யூடெக்டிக் கரைப்பான் என்று பெயர். அதில் மின்னேற்றம் உள்ள துகள்கள் நிறைந்திருப்பதால் மின்சாரம் பாயும். தண்ணீர்போல் ஆவியாகிக் காய்ந்தும் போகாது. அதோடு அக்ரிலிக் அமிலம் சேர்த்து உறையவைத்தால் ரப்பர்போல் இழுபடும் ஜெல் கிடைக்கும். அதைப் பட்டையாக வார்த்து விரல் மூட்டின்மேல் ஒட்டினால், விரல் மடங்கும்போது பட்டை நீளும், மின்சாரம் பாய்வது குறையும், திரையில் கோடு அசையும்.

“பக்கவாதம் வந்தவங்களுக்கு விரல் எவ்ளோ அசையுதுன்னு அளக்கலாம் அக்கா. பிசியோதெரபி சென்டர்லயே ஆளுக்குத் தக்கபடி அச்சுல ஊத்தி, ஒரு நிமிஷத்துல எடுத்து ஒட்டணும். அடுப்பு, மிஷின் எதுவும் கூடாது. ஆனா இது ஒறைய மாட்டேங்குது.”

சிக்கல் டானிக் அமிலத்தில் இருந்தது. துவர்ப்புள்ள காய்களில் இருக்கும் பொருள்தான் அது. அதைச் சேர்த்தால்தான் ஜெல் தோலில் ஒட்டும். சேர்த்தாலோ உறையவிடாமல் கெடுக்கும். மணிக்கணக்கில் சூடுபடுத்தினாலும் பாதிதான் உறையும்.

அக்டோபரில் ஒரு திங்கட்கிழமை காலை மணிமொழி கண்ணாடிக் கோல் ஒன்றை உடைத்தாள். கழுவித் துடைக்கும்போது குழாயில் மோதி இரண்டாகிவிட்டது. மூன்றாவது உடைசல். யாரும் பார்க்கவில்லை. துண்டுகளைக் காகிதத்தில் சுற்றிக் கூடையின் அடியில் போட்டாள். மதியம் பக்கத்து ஆய்வகத்திலிருந்து ஒரு கோல் வாங்கி வைத்துவிடலாம் என்று நினைத்தாள்.

அதற்குள் அறிவுமதி வந்து கரைப்பான், அக்ரிலிக் அமிலம், டானிக் அமிலம் எல்லாவற்றையும் அளந்து பீக்கரில் சேர்த்தாள். அப்போது அவள் போன் அடித்தது. அவளுடைய அப்பாவை ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போயிருந்தார்கள்.

“அக்கா, ஒரு பத்து நிமிஷம் இதக் கலக்கினே இருங்க. நிறுத்தாதீங்க, அடியில தங்கிடும். பேசிட்டு வந்துடறேன்.”

கழுவுகிறவர்கள் ஆராய்ச்சிப் பொருளைத் தொடக்கூடாது என்பது அங்கே சட்டம். இருவருக்கும் அது தெரியும். மணிமொழி கோலைத் தேடிக் கை நீட்டிய பிறகுதான் கோல் இல்லை என்பது நினைவுக்கு வந்தது. இழுப்பறையில் முலாம் உரிந்த பழைய ஸ்பேட்டுலா ஒன்று கிடந்தது, மருந்துத் தூள் அள்ளும் தட்டைக் கரண்டி. அதை எடுத்துக் கலக்கினாள். பத்து நிமிடம் கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டே கலக்கினாள். காலடிச் சத்தம் கேட்டதும் கரண்டியை எடுத்துக் கழுவும் தொட்டியில் போட்டுவிட்டாள்.

அறிவுமதி கண்ணைத் துடைத்துக்கொண்டே வந்தாள். கலவை கறுத்திருந்ததைப் பார்த்து, டானிக் அமில பாட்டில் பழசாகிவிட்டது என்று முணுமுணுத்தாள். அதில் கொஞ்சத்தை அச்சில் ஊற்றி, உறையத் தூண்டும் பெர்சல்பேட் கரைசலை விட்டுக் கிளறினாள். ஒரு நிமிடம்கூட ஆகவில்லை. அச்சைச் சாய்த்தாள். எதுவும் வழியவில்லை. தலைகீழாகக் கவிழ்த்தாள். அப்படியே நின்றது.

“அக்கா! ஒறஞ்சிடுச்சு அக்கா!”

அந்த ஒரே பீக்கர் கலவையிலிருந்து இரண்டு நாளில் பன்னிரண்டு பட்டை வார்த்தாள். பன்னிரண்டும் நன்றாக இருந்தன. இழுத்தார்கள், மடக்கினார்கள், ஆயிரம் தடவை நீட்டிச் சுருக்கினார்கள். திரையில் கோடு பிசகவில்லை. அவளுடைய வழிகாட்டி பேராசிரியர் பலராமன், சாதாரணமாகச் சிரிக்காதவர், துறை முழுக்கக் காபி வாங்கிக் கொடுத்தார். நவம்பரில் கட்டுரை எழுதி ஒரு ஆய்விதழுக்கு அனுப்பினார்கள். மணிமொழி புதுக் கோல் ஒன்றைத் தட்டில் வைத்திருந்தாள். கரண்டி விஷயத்தை அவளே மறந்துபோனாள்.

ஜனவரியில், பொங்கல் விடுமுறை முடிந்த கையோடு, பதில் வந்தது. எல்லாம் சரி, ஆனால் புதிதாகக் கலவை தயாரித்து இதே முடிவு வருகிறதா என்று காட்டுங்கள் என்று கேட்டிருந்தார்கள்.

அறிவுமதி அன்றே கலந்தாள். உறையவில்லை. மறுநாள் கலந்தாள். உறையவில்லை. டானிக் அமிலத்தைப் பழைய பாட்டிலிலிருந்தும் புது பாட்டிலிலிருந்தும் எடுத்துப் பார்த்தாள். பெர்சல்பேட் புதிதாக வாங்கினாள். எட்டுத் தடவை. எட்டும் வெளிர்பழுப்புத் திரவமாகவே நின்றன. சாப்பாட்டு டப்பாவைத் திறக்காமலே வீட்டுக்கு எடுத்துப்போனாள்.

ஒன்பதாவது தடவை பலராமன் பக்கத்திலேயே நின்றார். அரை மணி நேரம் பார்த்தார். பிறகு மிகவும் மெதுவாகக் கேட்டார்.

“அக்டோபர்ல நீ இத அடுப்புல வெச்சியா?”

“இல்ல சார்.”

“டானிக் ஆசிட் இல்லாம செஞ்சிட்டு, இருக்குன்னு எழுதிட்டியா?”

“சார்!”

“கேக்கறதுக்கு பதில் சொல்லு. டானிக் ஆசிட் இருந்தா இது ஒறையக்கூடாது. புஸ்தகம் அப்படித்தான் சொல்லுது. நான் அன்னிக்கே சந்தேகப்பட்டிருக்கணும். அந்தக் கலவைய முழுக்க முழுக்க நீதான் செஞ்சியா? வேற யாராவது கை வெச்சாங்களா?”

தொட்டியடியில் பீக்கர் தேய்த்துக்கொண்டிருந்த மணிமொழியின் கை நின்றது.

“நான்தான் சார். நான் மட்டும்தான் செஞ்சேன்,” என்றாள் அறிவுமதி. திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

அந்த வாரமே மூன்று பேர் கொண்ட விசாரணைக் குழு போட்டார்கள். வியாழக்கிழமை காலை பதினொரு மணிக்கு வரச் சொன்னார்கள். இல்லாத முடிவை இருப்பதாக எழுதினாள் என்று தீர்மானமானால் ஆராய்ச்சிப் பதிவு ரத்தாகும். நான்கு வருடப் படிப்பு போகும்.

“எதுக்கு மதிம்மா அப்படிச் சொன்ன?” என்று மணிமொழி தனியாகப் பிடித்துக் கேட்டாள்.

“நீங்க கலக்கினீங்கன்னு சொன்னா உங்க வேலதான் அக்கா போவும். கலக்கறதுல இன்னா இருக்குது? அதனாலயா ஒறஞ்சது? விடுங்க.”

மணிமொழியும் அப்படித்தான் நினைத்தாள். கலக்குவதில் என்ன இருக்கிறது?

புதன்கிழமை சாயங்காலம் வீட்டில் ஊறுகாய்க்கு நெல்லிக்காய் அரிந்தாள். பத்துக் காய் அரிவதற்குள் அரிவாள்மனையின் இரும்பு மைபோல் கறுத்தது. விரலிலும் அதே கருநீலம். எப்போதும் நடப்பதுதான். ஆனால் அன்று அவள் கை அப்படியே நின்றுவிட்டது. இந்தக் கறுப்பை வேறெங்கோ தேய்த்திருக்கிறாள். அக்டோபரில், அந்தப் பீக்கரில். சோப்புக்குப் போகாமல் எலுமிச்சைத் தோல் போட்டுத் தேய்த்தாளே, அந்தக் கறை. அதற்குப் பிறகு கழுவிய ஒன்பது பீக்கரிலும் அது இல்லை.

துவர்ப்பும் இரும்பும். கரண்டியின் முலாம் உரிந்த இடமெல்லாம் துரு.

வயலிலிருந்து வந்த கணவன் குமரேசனிடம் ஒன்றுவிடாமல் சொன்னாள். அவன் நிலக்கடலை மூட்டையின்மேல் உட்கார்ந்து கேட்டான்.

“சொன்னா உன் வேல பூடும்.”

“ஆமாங்க. சொல்லலன்னா அந்தப் பொண்ணு படிப்பு பூடும்.”

“நீ நெனைக்கிறது தப்பா இருந்தா? ரெண்டும் பூடும்.”

வேதியியலில் நூற்றெழுபது வாங்கியது இருபது வருடத்துக்கு முன்னால்.

“அந்தக் கரண்டி இப்ப எங்க கீது?” என்றான் குமரேசன். “வெறும் வாய்ல சொன்னா எவன் நம்புவான்? அத எடுத்துனு போயி கண்ணு முன்னாடி காட்டு.”

மறுநாள் தை பௌர்ணமி. காலையிலேயே கிரிவலப் பாதையில் வண்டிகளை நிறுத்திவிட்டார்கள். பஸ் இல்லை, ஆட்டோ இல்லை. எட்டரை மணிக்கே மணிமொழி நடக்கத் தொடங்கினாள். கூட்டமெல்லாம் செங்கம் சாலைப் பக்கமிருந்து அடி அண்ணாமலையை நோக்கி வந்தது. அவள் அதற்கு எதிரே போகவேண்டியிருந்தது. வெறுங்காலோடு வந்தவர்கள் தோளில் இடித்தார்கள். ஒரு பெரியவர் கையை விரித்து வழிமறித்தார்.

“தாயி, தப்பா போறீங்க. மலைய வலது பக்கம் வெச்சு சுத்தணும்.”

“வேலைக்குப் போறேங்க,” என்று விலகி நடந்தாள். கொஞ்ச தூரம் ஓடவும் செய்தாள். கல்லூரி வாசலை அடைந்தபோது மணி பத்து ஐம்பது. புடவை முதுகோடு ஒட்டியிருந்தது.

ஆய்வக இழுப்பறையில் கரண்டி இல்லை. டிசம்பரில் பழைய சாமான்களையெல்லாம் ஸ்டோர் ரூமில் போட்டது நினைவுக்கு வந்தது. ஸ்டோர் ரூம் பூட்டியிருந்தது. சாவி சூப்பர்வைசரிடம்.

“இன்னாத்துக்கு?” என்றார் அவர்.

“பழைய ஸ்டாண்டு ஒண்ணு வேணுமாம் சார்.”

இன்னொரு பொய். அவர் சாவியைக் கொடுத்துவிட்டு அவளையே பார்த்துக்கொண்டு நின்றார்.

உள்ளே உடைந்த தராசு, வளைந்த ஸ்டாண்டுகள், திருகு போன கிளாம்புகள் குவிந்த இரண்டு பக்கெட். முதல் பக்கெட்டைத் தரையில் கொட்டினாள். இல்லை. மாடியில் விசாரணை தொடங்கியிருக்கும். இரண்டாவதில் கை விட்டுத் துழாவும்போது ஏதோ கிழித்து ரத்தம் வந்தது. அடியில், இரண்டு கிளாம்புகளுக்கு நடுவே, அது கிடந்தது. முன்பைவிட அதிகமாகத் துருவேறி.

பதினொன்று இருபதுக்கு அவள் கதவைத் தட்டாமலே உள்ளே போனாள். மூன்று பேர் வரிசையாக உட்கார்ந்திருந்தார்கள். பலராமன் ஓரமாக. எதிரே அறிவுமதி நின்றுகொண்டிருந்தாள். முகம் வெளுத்திருந்தது.

“ஏம்மா, இங்க மீட்டிங் நடக்குது,” என்றார் பலராமன்.

“தெரியும் சார். அக்டோபர்ல அதக் கலக்கினது நான்தான்.”

“அக்கா, வேணாம்!” என்றாள் அறிவுமதி.

“இரும்மா. கோலு என் கையால உடைஞ்சிடுச்சு சார். பயந்துனு யார்கிட்டயும் சொல்லல. இதாலதான் கலக்கினேன். பத்து நிமிஷம். பீக்கர் கழுவும்போது நெல்லிக்காக் கறை மாதிரி கறுப்பா இருந்துச்சு. இப்ப பண்ற எதுலயும் அந்தக் கறுப்பு இல்ல. இந்த இரும்புதான் காரணம்னு நெனைக்கிறேன் சார். தப்பாகூட இருக்கலாம்.”

மேசைமேல் துருப்பிடித்த கரண்டியை வைத்தாள். பலராமனின் முகம் சிவந்தது. “நான் கேட்டப்ப நான்தான் செஞ்சேன்னு சொன்னியே?” என்று அறிவுமதியைப் பார்த்துச் சத்தம் போட்டார். “ரெண்டு பேரும் சேர்ந்து இப்ப ஒரு கதை கட்டிட்டு வந்திருக்கீங்களா?”

நடுவில் உட்கார்ந்திருந்த இயற்பியல் துறைத் தலைவர், வயதான அம்மாள், கண்ணாடியைக் கழற்றினார். “கதையா இல்லையான்னு செஞ்சு பாத்துட்டா தெரியும். வாங்க, கீழ போலாம்.”

ஆய்வகத்தில் பலராமனே அளந்து ஊற்றினார். கரண்டியை விட்டு நாலைந்து நிமிடம் கலக்கினார். பெர்சல்பேட் விட்டு, கைக்கடிகாரத்தைப் பார்த்தார். ஒரு நிமிடம். இரண்டு. அச்சைச் சாய்த்தார். திரவம் மெதுவாக வழிந்தது.

குமரேசன் சொன்னது சரியாகிவிட்டது, இரண்டும் போகப்போகிறது என்று மணிமொழிக்குத் தோன்றியது.

பிறகு பீக்கரைப் பார்த்தாள். நிறம் மாறத் தொடங்கியிருந்தது, ஆனால் கொஞ்சம்தான்.

“பத்து நிமிஷம் சார்,” என்றாள். “அன்னிக்கு நான் பத்து நிமிஷம் நிறுத்தாம கலக்கினேன். துரு கரைய நேரமாவுது போல.”

பலராமன் அவளை நிமிர்ந்து பார்த்தார். என்ன நினைத்தாரோ, கரண்டியை அவள் கையில் கொடுத்தார்.

அவள் புதிதாக அளந்த கலவையைக் கலக்கத் தொடங்கினாள். விரலில் கிழிந்த இடம் எரிந்தது. மூன்றாம் நிமிடம் பழுப்பு மங்கியது. ஆறாம் நிமிடம் ஓரத்தில் கருநீலம் சுழன்றது. பத்தாம் நிமிடம் பீக்கர் முழுக்க எழுதும் மைபோல் இருந்தது. அதை அச்சில் ஊற்றிப் பெர்சல்பேட் விட்டார்கள். பலராமன் நொடிகளை வாய்விட்டு எண்ணினார். நாற்பத்தேழில் நிறுத்தி, அச்சைக் கவிழ்த்தார்.

வழியவில்லை.

அவர் ஸ்டூலில் உட்கார்ந்தார். “இரும்பு,” என்றார். “டானிக் ஆசிட் இரும்போட சேர்ந்து, பெர்சல்பேட்ட தூண்டி விடுது. அதான் சூடே இல்லாம இவ்ளோ வேகம். தடுக்கறதுன்னு நெனச்சதே வேலைய முடுக்குது.” பிறகு, “இத அக்டோபர்லயே சொல்லியிருந்தா...” என்று தொடங்கி, முடிக்காமல் விட்டுவிட்டார். அறிவுமதி சுவரோடு சாய்ந்து அழுதுகொண்டிருந்தாள்.

எல்லாம் அன்றோடு சரியாகிவிடவில்லை. இல்லாததை எழுதவில்லை என்று குழு ஒப்புக்கொண்டது. ஆனால் விசாரித்தபோது உண்மையை மறைத்ததற்காக அறிவுமதியிடம் எழுத்தில் விளக்கம் வாங்கினார்கள். அனுப்பிய கட்டுரையைப் பலராமனும் அறிவுமதியுமே திரும்பப் பெற்றார்கள். அறிவுமதி இரும்பு உப்பைச் சரியாக எடைபோட்டு, எவ்வளவு சேர்த்தால் எத்தனை நொடியில் உறைகிறது என்று முதலிலிருந்து செய்தாள். அதற்கு ஆறு மாதம் ஆனது.

மணிமொழிக்கு அந்த மாதக் கடைசியோடு வேலை போனது. சூப்பர்வைசர் சொன்னபடியே செய்தார். அவள் ரமணாசிரமம் பக்கத்தில் வெளிநாட்டுக்காரர்கள் தங்கும் ஒரு விடுதியில் படுக்கை விரிப்புகள் துவைக்கப் போனாள். அறிவுமதி இரண்டு தடவை போன் செய்தாள். மணிமொழி எடுக்கவில்லை. கோபமில்லை. பேசினால் அழுதுவிடுவோம் என்ற பயம்தான்.

ஜூன் மாதம் ஒரு மத்தியானம் விடுதியின் பின்கட்டில் துணி உலர்த்திக்கொண்டிருந்தபோது பலராமன் வந்து நின்றார். வெயிலில் நடந்து வந்ததில் சட்டை நனைந்திருந்தது.

“ஒரு ப்ராஜெக்ட் வந்திருக்கு. உதவியாளர் இடம் ஒண்ணு இருக்கு. ஏஜென்சி இல்ல, நேரடியா. ப்ளஸ் டூ சயின்ஸ் இருந்தா போதும். வர்றியாம்மா?”

அவள் கையிலிருந்த ஈர விரிப்பை உதறாமலே நின்றாள். “சார், நான் எதுனா உடைச்சிட்டா?”

“உடைஞ்சா வந்து சொல்லு. மிச்சத்த அப்புறம் பாத்துக்கலாம்.”

அடுத்த வருடம், திருவண்ணாமலை நகரில் ஒரு பிசியோதெரபி மையத்தில், முதல் நோயாளிக்குப் பட்டை ஒட்டப் போனார்கள். இருசப்பன் என்று ஒருவர். மண்டியில் மூட்டை தூக்கியவர். பக்கவாதம் வந்து நான்கு மாதமாக வலது கை விழுந்துகிடந்தது. பேச்சும் குழறியது. கூட அவர் மனைவி சரோஜா. மணிமொழிதான் அவர் ஆள்காட்டி விரலுக்கு அச்சு பார்த்து, கலவை ஊற்றி, உறைந்ததை எடுத்துக் கழுவித் துடைத்து மூட்டின்மேல் ஒட்டினாள். ஒயர் மாட்டினாள்.

“அய்யா, விரல மடக்கிப் பாருங்க,” என்றாள் அறிவுமதி.

விரல் அசையவில்லை. நெற்றியில் வியர்வை மட்டும் துளிர்த்தது. சரோஜா முகத்தைத் திருப்பிக்கொண்டாள். “அது வராதும்மா. தெனமும்தான் பாக்கறேனே.”

மணிமொழி திரையைப் பார்த்தாள். நேர்க்கோட்டில் ஒரு சின்ன மேடு எழும்பி அடங்கியிருந்தது. ஒயர் ஆடியிருக்கலாம். ஒயரை மேசையோடு சேர்த்து ஒட்டி, இன்னொரு முறை மடக்கச் சொன்னாள். எழும்பியது. கையை விட்டுவிடச் சொன்னாள். அடங்கியது. மூன்றாம் முறையும் எழும்பியது.

“மதிம்மா,” என்றாள். திரையை அவள் பக்கம் திருப்பினாள்.

அறிவுமதி குனிந்து பார்த்துத் தலையசைத்தாள்.

மணிமொழி சரோஜாவின் கையைப் பிடித்து இழுத்துத் திரைக்கு முன்னால் நிறுத்தினாள். “இங்க பாருங்க. அவர் மடக்கும்போது இது ஏறுது பாருங்க. நம்ம கண்ணுக்குத் தெரியாத அளவுக்குக் கம்மியா அசையுது. ஆனா அசையுது.”

சரோஜா திரையையும் கணவனின் விரலையும் மாறி மாறிப் பார்த்தாள். பிறகு அவர் பக்கம் குனிந்து, “இன்னொரு வாட்டி பண்ணுய்யா,” என்றாள்.

இருசப்பன் கண்ணை இறுக மூடிக்கொண்டார். கோடு ஏறியது.